கல் தீக்குழி: அமெரிக்க வன முகாம்களில் அதன் வரலாறு

கல் தீக்குழி என்பது காடு, மலை, ஏரிக்கரை போன்ற திறந்தவெளிகளில் கூடாரமிட்டுத் தங்குவோர் சமைப்பதற்கும் குளிர்காய்வதற்கும் கற்களைக் கொண்டு அமைக்கும் நெருப்பிடம் ஆகும். தரையைச் சுத்தம் செய்து, சிறு பள்ளம் தோண்டி, சுற்றிலும் கற்களை வைத்தால் தீக்குழி தயார். இவ்வளவு எளிய ஓர் அமைப்பு 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அரசுத் துறைகள் ஆராய்ந்து, கொள்கை வகுத்து, கையேடுகள் வெளியிட்ட ஒரு பொருளாக மாறியது. காட்டுத்தீயின் அச்சமும், காட்டைக் காண வந்த மக்களின் பெருக்கமும் இதற்குக் காரணங்கள். நெருப்பை ஓர் இடத்தில் அடக்கி வைப்பதற்காகத் தோன்றிய கல் வளையம், காலப்போக்கில் மனிதர்களின் நடமாட்டத்தையே ஓர் இடத்தில் அடக்கி வைக்கும் கருவியாகப் பயன்பட்டது. பின்னர் அதே வளையம் காட்டுக்குச் சுமையாகவும் கருதப்பட்டது.

பெயரும் வகைகளும்

தமிழ்நாட்டில் தீக்குழி என்ற சொல் தீமிதித் திருவிழாவுக்காக அமைக்கப்படும் பூக்குழியையும் குறிக்கும். இக்கட்டுரையில் அச்சொல் முகாம்களில் உள்ள நெருப்பிடத்தை மட்டுமே குறிக்கிறது.

முகாம்களில் காணப்படும் கல் நெருப்பிடங்களை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம். முதலாவது, கற்களை வட்டமாக அடுக்கிய எளிய வளையம். சாந்து எதுவும் பூசப்படாததால் இதை எப்போது வேண்டுமானாலும் கலைத்துவிடலாம். இரண்டாவது, சமையலுக்கான கல் அடுப்பு. இதில் இரண்டு தாழ்வான பக்கச் சுவர்களும் ஒரு பின்சுவரும் இருக்கும். மேலே இரும்புக் கம்பித் தட்டு பதிக்கப்பட்டிருக்கும். மூன்றாவது, பலர் கூடி அமர்வதற்கான பெரிய தீவட்டம். இதைச் சுற்றி மரத்தண்டுகளோ கல் இருக்கைகளோ போடப்பட்டிருக்கும். சமையல் அடுப்பின் அடிப்படை நம் கிராமங்களில் மூன்று கற்களைக் கூட்டி வைக்கும் அடுப்பின் அடிப்படையே ஆகும். கற்கள் பாத்திரத்தைத் தாங்குகின்றன, காற்றைத் தடுக்கின்றன, வெப்பத்தைச் சிதறாமல் வைக்கின்றன.

தொன்மை

மனிதர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நெருப்பு மூட்டிய வழக்கம் மிகப் பழமையானது. இசுரேலில் உள்ள கெசெம் குகையில் சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடர்ந்து பயன்படுத்தப்பட்ட அடுப்பிடம் கண்டறியப்பட்டுள்ளது. வேட்டையாடிகளும், மேய்ப்பர்களும், வணிகக் கூட்டத்தாரும், படைவீரர்களும் தங்கிய இடங்களில் எல்லாம் கற்களால் சூழப்பட்ட அடுப்புகள் இருந்தன. அவர்களுக்கு நெருப்பு பிழைப்புக்கான தேவையாக இருந்தது.

பொழுதுபோக்குக்காகவும் பயிற்சிக்காகவும் காட்டில் தங்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பரவியது. 1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் பேடன் பவல் நடத்திய சிறுவர் முகாம் சாரணர் இயக்கத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. மறு ஆண்டு வெளிவந்த அவருடைய சாரணர் கையேட்டில் பாடங்களுக்கு முகாம் நெருப்புக் கதைகள் என்றே பெயரிடப்பட்டிருந்தது. சாரணர் இயக்கம் 1910இல் அமெரிக்காவிலும் தொடங்கப்பட்டது. முகாம் என்றால் அங்கு நெருப்பு இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு தலைமுறைச் சிறுவர்களின் மனத்தில் பதிந்தது.

1910ஆம் ஆண்டுப் பெருந்தீ

அமெரிக்க வனத்துறை 1905இல் நிறுவப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து அத்துறை தன் வரலாற்றின் மிகக் கடுமையான சோதனையைச் சந்தித்தது. 1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20, 21 ஆகிய இரு நாட்களில் ஐடகோ, மொன்டானா, வாஷிங்டன் மாநிலங்களின் மலைக்காடுகளில் பலத்த காற்று வீசியது. ஏற்கெனவே பல இடங்களில் எரிந்துகொண்டிருந்த சிறு தீக்கள் ஒன்றாயின. சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. 80க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தீயணைக்கச் சென்ற பணியாளர்கள். அந்தக் கோடையில் எரிந்த தீக்களுக்கு மின்னல், ரயில் எஞ்சின்களின் பொறி, நிலம் திருத்துவோர் இட்ட தீ, முகாம் நெருப்பு எனப் பல மூலங்கள் கூறப்பட்டன.

இந்த நிகழ்வுக்குப் பின் காட்டில் எந்த நெருப்பையும் வனத்துறை ஐயத்துடன் பார்க்கத் தொடங்கியது. மின்னலைத் தடுக்க இயலாது. ஆனால் முகாமிடுவோரின் நெருப்பை ஒழுங்குபடுத்த இயலும். விரும்பிய இடத்தில் எல்லாம் தீ மூட்டுவதற்குப் பதிலாக, குறிக்கப்பட்ட இடத்தில் மட்டும் மூட்டச் செய்வது முதல் வழியாகத் தோன்றியது. குடிநீர் மாசுபடாமல் காக்கும் தேவையும் இதனுடன் சேர்ந்துகொண்டது. 1916இல் ஓரிகன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஈகிள் கிரீக் முகாம் திடல் அமைக்கப்பட்டது. மேசைகள், கழிப்பறைகள் போன்ற வசதிகளுடன் வனத்துறை திட்டமிட்டு உருவாக்கிய முதல் முகாம் திடலாக இது கருதப்படுகிறது.

மோட்டார் வாகனங்களின் வருகை

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் 1908இல் விற்பனைக்கு வந்தது. அதுவரை ரயிலிலும் குதிரை வண்டியிலும் சென்றவர்கள் சொந்தக் காரில் குடும்பத்துடன் காட்டுக்குள் வரத் தொடங்கினர். 1920களின் இறுதியில் அமெரிக்காவில் பதிவான கார்களின் எண்ணிக்கை 2 கோடியைத் தாண்டியது.

அக்கால முகாம் திடல்களில் பெரும்பாலும் எல்லைகள் இல்லை. காரை மரத்தடி வரை ஓட்டிச் சென்று நிறுத்துவார்கள். கிடைத்த கற்களை எடுத்து ஓர் அடுப்பு கூட்டுவார்கள். அடுத்து வருபவர்கள் முந்தைய சாம்பலை விட்டு விலகி, சில அடி தள்ளி வேறு அடுப்பு கூட்டுவார்கள். சில பருவங்களில் ஒரு திடல் முழுவதும் கரி படிந்த கற்களும் சாம்பல் மேடுகளும் நிறைந்துவிடும். புல்லும் செடிகளும் மறைந்து தரை வெறுமையாகும். அந்த இடம் அழுக்காகிவிட்டது என்று மக்கள் அதைக் கைவிட்டுப் புதிய இடம் தேடுவார்கள். அங்கும் இதே கதை தொடரும்.

மைனெக்கேயின் ஆய்வு

இச்சிக்கலின் வேரைக் கண்டவர் ஈ. பி. மைனெக்கே என்னும் தாவர நோயியல் அறிஞர் ஆவார். 1920களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் ரெட்வுட் பூங்காக்களில் சுற்றுலாப் பயணிகளால் மரங்களுக்கு ஏற்படும் பாதிப்பை ஆராயும் பணி இவருக்குக் கிடைத்தது. ரெட்வுட் உலகின் மிக உயரமான மர வகை. ஆனால் அதற்கு ஆழமான ஆணிவேர் கிடையாது. அதன் வேர்கள் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் பரவுகின்றன.

கால்களும் சக்கரங்களும் தொடர்ந்து மிதிப்பதால் மண் இறுகுகிறது. இறுகிய மண்ணில் நீரும் காற்றும் இறங்குவதில்லை. நுண்வேர்கள் மடிகின்றன. மரம் உடனே பட்டுப்போவதில்லை. பல ஆண்டுகள் கழித்தே நுனியிலிருந்து காயத் தொடங்கும். அதற்குள் காரணம் மறந்துபோயிருக்கும். யாரும் வெட்டாமல், யாரும் எரிக்காமல் ஒரு மரம் பார்வையாளர்களின் காலடியிலேயே அழியக்கூடும் என்பதை மைனெக்கே விளக்கினார்.

1932இல் வனத்துறைக்காக அவர் எழுதிய முகாம் திடல் கொள்கை பற்றிய சிறு நூல் இதற்கு ஒரு தீர்வை முன்வைத்தது. முகாமிடுவோர் எங்கு நடப்பார்கள் என்பதை எதனால் தீர்மானிக்கலாம் என்பதே அவருடைய கேள்வி. கார் நிற்கும் இடம், கூடாரம் அடிக்கும் இடம், மேசை, அடுப்பு ஆகிய நான்கையும் நிலையாக அமைத்துவிட்டால் அவற்றுக்கு இடையில் மட்டுமே மக்கள் நடமாடுவார்கள். சுற்றியுள்ள மண் மிதிபடாது. ஒருவழிப் பாதைகள், பாதையோரம் பதித்த பாறைகள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வாகன நிறுத்தம் ஆகியவை இத்திட்டத்தில் அடங்கின.

இந்தத் திட்டத்தில் அடுப்புக்கு முக்கிய இடம் கிடைத்தது. சமையல் நடக்கும் இடத்தைச் சுற்றியே முகாம் வாழ்க்கை சுழல்கிறது. எளிதில் பெயர்க்கக்கூடிய கற்களாக இருந்தால் வருபவர்கள் தம் விருப்பப்படி நகர்த்திவிடுவார்கள். பெயர்க்க முடியாதபடி கட்டிவிட்டால் நெருப்பும் நகராது, மனிதரும் நகரமாட்டார்கள். சாதாரணக் கல் அடுப்பு காட்டுப் பாதுகாப்பின் கருவியாக மாறியது இவ்வாறுதான்.

வளப் பாதுகாப்புப் படையும் கல் வேலையும்

மைனெக்கேயின் கருத்துகளைச் செயல்படுத்த ஆட்களும் பணமும் தேவைப்பட்டன. பொருளாதாரப் பெருமந்தம் எதிர்பாராத வகையில் இரண்டையும் அளித்தது. 1933இல் அதிபர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் வேலையற்ற இளைஞர்களுக்காகக் குடிமக்கள் வளப் பாதுகாப்புப் படையைத் தோற்றுவித்தார். 1942 வரை செயல்பட்ட இப்படையில் சுமார் 30 லட்சம் பேர் பணியாற்றினர். மாத ஊதியம் 30 டாலர். அதில் 25 டாலர் வரை வீட்டுக்கு அனுப்பப்பட்டது.

மரம் நடுதல், சாலை அமைத்தல், தீயணைத்தல் ஆகியவற்றுடன் முகாம் திடல்களைக் கட்டும் பணியும் இப்படைக்குத் தரப்பட்டது. நகரங்களிலிருந்து வந்த பல இளைஞர்களுக்குக் கல் வேலை தெரியாது. அந்தந்தப் பகுதியின் அனுபவமுள்ள தொழிலாளர்கள் நியமிக்கப்பட்டு அவர்களுக்குக் கல் உடைக்கவும், பொருத்தவும், சாந்து பூசவும் கற்றுத்தந்தனர்.

கட்டடங்கள் அந்த நிலத்தோடு ஒட்டி வளர்ந்தவை போல் தோன்ற வேண்டும் என்பது அக்காலப் பூங்கா வடிவமைப்பின் கொள்கை. அருகில் கிடைக்கும் கல்லையும் மரத்தையும் பயன்படுத்தும் இந்தப் பாணி நாட்டுப்புறப் பாணி எனப்பட்டது. கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் குட் தேசியப் பூங்காத் துறைக்காகத் தொகுத்த பூங்காக் கட்டுமான நூல் 1935இல் வெளிவந்தது. 1938இல் அது மூன்று தொகுதிகளாக விரிவாக்கப்பட்டது. 1937இல் ஏ. டி. டெய்லர் என்னும் நிலவடிவமைப்பாளர் முகாம் அடுப்புகளையும் நெருப்பிடங்களையும் பற்றி வனத்துறைக்காகத் தனி நூல் ஒன்றையே எழுதினார். ஓர் அடுப்புக்கு அரசு கையேடு வெளியிட்டது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் பல்லாயிரம் பேர் ஒரே அடுப்பை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும்போது ஒரு சிறு தவறும் பெரிய சேதமாகும்.

கட்டும் முறை

கையேடுகளிலும் வனத்துறை அறிவுரைகளிலும் வளர்ந்துவந்த கட்டுமான முறையின் முக்கியக் கூறுகள் பின்வருமாறு.

இடத் தேர்வு: தாழ்ந்த கிளைகளுக்கு அடியிலும், மரத்தின் அருகிலும், காய்ந்த புல்வெளியிலும் தீக்குழி அமைக்கக் கூடாது. உயிருள்ள திசுக்கள் 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே மடியத் தொடங்கும். எனவே வேர்களுக்கு மேல் எரியும் நெருப்பு மரத்தைக் கீழிருந்து கொல்லும்.

தரை: காட்டின் தரையில் சருகும் மக்கிய இலையும் பல அங்குல ஆழத்துக்குப் படிந்திருக்கும். இந்தப் படலம் தானே எரியக்கூடியது. மேலே அணைந்தது போல் தெரிந்தாலும் உள்ளே கனன்று, வேர் வழியாகப் பரவி, சில நாட்கள் கழித்து வேறோர் இடத்தில் தீயாக எழும். எனவே மணலும் களிமண்ணும் கலந்த வெறும் மண் தெரியும் வரை அதை அகற்ற வேண்டும். சுமார் 10 அடி விட்டத்துக்கு இவ்வாறு சுத்தம் செய்து, நடுவில் ஓர் அடி ஆழப் பள்ளம் தோண்டிக் கற்களால் சூழ வேண்டும் என்பது அமெரிக்காவில் பரவலாகக் கூறப்படும் அறிவுரை.

கல்: எல்லாக் கற்களும் தீக்குழிக்கு ஏற்றவை அல்ல. ஆற்றிலிருந்து எடுத்த ஈரக் கற்களின் துளைகளிலும் விரிசல்களிலும் நீர் தங்கியிருக்கும். நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு சுமார் 1,600 மடங்கு பெருகும். வெளியேற வழியில்லாத நீராவி கல்லைப் பிளந்து சில்லுகளைத் தெறிக்கச் செய்யும். அருகில் அமர்ந்திருப்பவர்களின் கண்ணுக்கும் முகத்துக்கும் இது ஆபத்து. உலர்ந்த, விரிசலற்ற, அடர்த்தியான கற்களே ஏற்றவை. அவையும் தொடர்ந்து சூடேறிக் குளிரும்போது படலம் படலமாக உரியும். இதனால் நிலையான அடுப்புகளின் உட்புறத்தில் வெப்பம் தாங்கும் சூளைச் செங்கற்களைப் பதித்து, வெளிப்புறத்துக்கு மட்டும் உள்ளூர்க் கல்லைப் பயன்படுத்தினர்.

அடித்தளம்: குளிர்ப் பகுதிகளில் மண்ணிலுள்ள நீர் உறைந்து விரியும்போது தரை மேலெழும். அடித்தளம் ஆழமாக இல்லாவிட்டால் சில குளிர்காலங்களில் சுவர் பிளந்துவிடும். மழைநீர் தேங்காமல் வடியவும் வழி வேண்டும்.

அமைப்பு: சமையல் அடுப்பின் வாய் காற்று வழக்கமாக வீசும் திசையை நோக்கி இருந்தால் நெருப்பு நன்கு பிடிக்கும். புகை சமைப்பவரின் முகத்தில் அடிக்காது. அடுப்பின் உள்வாய் குறுகலாக இருப்பது நல்லது. குறைந்த விறகில் சமையல் முடியும். பெரிய கட்டைகளை நுழைத்துச் சொக்கப்பனை போல் எரிக்கவும் இயலாது.

அணைத்தல்: தீக்குழியின் பயன்பாட்டில் மிக அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவது இதுவே. நீர் ஊற்றி, கிளறி, மீண்டும் நீர் ஊற்றி, புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்று உறுதி செய்த பின்பே இடத்தை விட்டு அகல வேண்டும். மண்ணைப் போட்டு மூடுவது மட்டும் போதாது. மண்ணுக்கு அடியில் கங்கு நீண்ட நேரம் உயிரோடு இருக்கும்.

இரும்பு வளையத்தின் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கர்களிடம் வருமானமும் விடுமுறையும் பெருகின. தேசியப் பூங்காத் துறை 1956இல் மிஷன் 66 என்னும் பத்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. வனத்துறையும் 1957இல் ஆப்பரேஷன் அவுட்டோர்ஸ் என்னும் திட்டத்தை மேற்கொண்டது. புதிய திடல்கள் விரைவாகவும் மலிவாகவும் கட்டப்பட வேண்டியிருந்தன. குறைந்த கூலியில் கல் செதுக்கிய இளைஞர் படை அப்போது இல்லை. பழைய கல் அடுப்புகள் பல வெடித்தும் சாந்து உதிர்ந்தும் போயிருந்தன. அவற்றின் இடத்தை எஃகு வளையங்களும் கம்பத்தில் பொருத்திய இரும்பு அடுப்புகளும் பிடித்தன. கல் போனாலும் மைனெக்கேயின் கருத்து நிலைத்தது. இன்றும் முகாம் திடல்களில் எஃகு வளையம் தரையில் அசைக்க முடியாதபடி பதிக்கப்படுவதற்குக் காரணம் அதுவே.

கலைக்கப்பட்ட வளையங்கள்

திட்டமிட்ட திடல்களுக்கு வெளியே நிலைமை வேறாக இருந்தது. 1919இல் ஆர்தர் கார்கார்ட் என்னும் நிலவடிவமைப்பாளர் கொலராடோவின் டிராப்பர்ஸ் ஏரிக்கரையில் கோடை இல்லங்களுக்கு இடம் குறிக்க வனத்துறையால் அனுப்பப்பட்டார். அவரோ அங்கு எதையும் கட்டாமல் விட வேண்டும் என்று பரிந்துரைத்தார். மனிதக் கைபடாத நிலத்தை அப்படியே காக்கும் இத்தகைய சிந்தனை வளர்ந்து 1964இல் வனாந்தரச் சட்டமாக உருப்பெற்றது.

1960களிலும் 1970களிலும் முதுகுப்பை சுமந்து இத்தகைய நிலங்களுக்கு நடந்து செல்வோர் பெருகினர். ஏரிக்கரைகளில் கல் வளையங்களும் பெருகின. நெருப்பு பட்ட பாறையின் கருமை பல்லாண்டுகள் மறைவதில்லை. கடும் வெப்பம் மண்ணிலுள்ள உயிர்ப்பொருளை அழிப்பதால் அங்கு செடி முளைக்க நெடுநாள் ஆகும். விறகு பொறுக்குவதால் மண்ணில் மக்கி உரமாக வேண்டிய கட்டைகள் குறைந்தன. உயரமான மலைப்பகுதிகளில் மரங்கள் மெதுவாக வளர்வதால் இந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை. தொல்லியல் சின்னங்கள் உள்ள இடங்களில் புதிய கரி பழைய கரியுடன் கலந்து காலக்கணிப்பைக் கெடுக்கும் அபாயமும் இருந்தது.

1982இல் டேவிட் கோல், ஜான் டாலெ மோல் ஆகியோர் உட்காடுகளில் முகாம் நெருப்பின் பாதிப்புகளைக் கையாள்வது பற்றி எழுதிய வழிகாட்டியை வனத்துறை வெளியிட்டது. தடம் பதிக்காதே என்னும் பொருள்படும் லீவ் நோ டிரேஸ் இயக்கம் 1994இல் தனி அமைப்பாகப் பதிவானது. முகாம் நெருப்பின் பாதிப்பைக் குறைப்பது அதன் ஏழு கோட்பாடுகளில் ஒன்று. முடிந்தவரை சிறிய எரிவாயு அடுப்பில் சமைக்க வேண்டும். நெருப்பு தேவைப்பட்டால் ஏற்கெனவே உள்ள வளையத்தையே பயன்படுத்த வேண்டும். புதிய வளையம் கட்டக் கூடாது. தேவையற்ற வளையங்களைக் கலைத்து, கற்களை இடம் மாற்றி, சாம்பலைச் சிதறவிடும் வேலையை வனக்காவலர்களும் தன்னார்வலர்களும் இன்றும் செய்து வருகின்றனர்.

கல்லால் தடுக்க இயலாதவை

தீக்குழி எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருந்தாலும் வறட்சியும் காற்றும் சேரும் நாளில் அது பாதுகாப்பு ஆகாது. கல் வளையம் தரைவழிப் பரவலைத் தடுக்கும். பறக்கும் பொறியைத் தடுக்காது. 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் கலிபோர்னியாவின் தாஹோ ஏரிக்குத் தெற்கே அனுமதியின்றி மூட்டப்பட்ட முகாம் நெருப்பிலிருந்து ஆங்கோரா தீ உண்டானது. எரிந்த பரப்பு சுமார் 3,100 ஏக்கர் மட்டுமே என்றாலும் 200க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. 2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று ஸ்டானிஸ்லாஸ் தேசிய வனத்தில் தொடங்கி யோசெமிட்டி பூங்கா வரை பரவிய ரிம் தீ, 2.5 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை எரித்தது. தடையை மீறி மூட்டப்பட்ட முகாம் நெருப்பே அதன் மூலம் என வனத்துறை விசாரணை கூறியது.

இன்றைய நிலை

தற்போது அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் கோடைக்காலத்தில் முகாம் நெருப்புக்குத் தடை விதிப்பது வழக்கமாகிவிட்டது. தடையின் கடுமை தீ அபாயத்தைப் பொறுத்து மாறும். சில நாட்களில் திடல்களில் உள்ள எஃகு வளையங்களில் மட்டும் அனுமதி உண்டு. அபாயம் மிகுந்தால் அதுவும் இல்லை.

1930களில் இளைஞர் படை கட்டிய கல் அடுப்புகளில் எஞ்சியவை இன்று வரலாற்றுச் சின்னங்களாக மதிக்கப்படுகின்றன. அவை அமைந்துள்ள முகாம் திடல்களும் பூங்காக்களும் சில, தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளன. சேதமடைந்த அடுப்புகளைப் பழைய முறைப்படியே பழுதுபார்க்கும் பணிகளும் நடைபெறுகின்றன. இவ்வாறு காக்கப்படும் அடுப்புகளில் சிலவற்றில் இப்போது நெருப்பு மூட்டப்படுவதில்லை. உட்காடுகளில் ஒருவர் நேற்றுக் கட்டிய வளையம் கலைக்கப்படுவதற்கும், திடல்களில் 90 ஆண்டுகளுக்கு முன் கட்டிய அடுப்பு காக்கப்படுவதற்கும் நோக்கம் ஒன்றே. காட்டைப் பார்க்க வருபவர்களுக்கு இடம் தர வேண்டும், அவர்கள் சென்ற பின்பும் காடு காடாகவே இருக்க வேண்டும் என்பதே அந்த நோக்கம்.